மூன்று ராஜாக்களும் எங்கள் வீட்டுத் தண்டவாளமும்

மயில்துத்தம் போட்டுக் காய்ச்சிய மைதாப் பசையின் நெடி காற்றில் வந்தால், அது சுவரொட்டி ஒட்டுகிறவர்களின் வாளியிலிருந்து வந்ததாக இருந்தாலும், நான் நடப்பதைக் கொஞ்சம் நிறுத்திவிடுவேன். அந்த நெடிக்குப் பின்னாலேயே, அங்கே இல்லாத இன்னொரு வாசனையும் எனக்கு வந்து சேரும். அது நனைந்த சிமெண்ட் பைக் காகிதத்தின் வாசனை. வெயிலில் காய்ந்து கிடந்த சுவரில் முதல் தூறல் விழுந்ததுபோல, பாதி சூடும் பாதி ஈரமுமாக இருக்கும். இரண்டும் ஒன்றாகச் சேர்ந்துவிட்டால் எனக்குக் கிறிஸ்துமஸ் வந்துவிட்டது என்று அர்த்தம், அது சித்திரை மாதமாகவே இருந்தாலும்.

அரியலூருக்கு அந்தாண்டை, சுண்ணாம்புக்கல் வெட்டுகிற பள்ளங்களுக்கும் சிமெண்ட் ஆலைக்கும் நடுவில் இருந்தது எங்கள் தெரு. கூரை ஓட்டிலும், துளசியிலும், காயப்போட்ட துணியிலும் சாம்பல் நிறப் பொடி படிந்திருக்கும். பூசணிப் பூவைக்கூடத் தட்டிவிட்டுப் பார்த்தால்தான் மஞ்சள் தெரியும். ஆலைக்கு நிலக்கரி கொண்டுவரும் "கூட்ஸ் வண்டி" தூரத்தில் போகும்போது எங்கள் வீட்டுப் பாத்திரப் பரணில் எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றோடொன்று மெல்லப் பேசிக்கொள்ளும். நாங்கள் அந்த ரயிலைப் பார்த்தது கொஞ்சம்; கேட்டு வளர்ந்ததுதான் அதிகம்.

தெருவில் எல்லாருமே வேதக்காரர்கள். பண்டிகைக்கு வீட்டுக்கு வீடு "குடில்" கட்டுவோம். மூங்கிலும் வைக்கோலும் வைத்து ஒரு மாட்டுத்தொழுவம், அதற்குப் பின்னால் மலை, முன்னால் வயல். வயலுக்காகத் தாம்பாளத்தில் மண் பரப்பிக் கேழ்வரகைத் தூவித் தண்ணீர் தெளித்து வந்தால், பண்டிகைக்குள் விரல் உயரத்துக்குப் பச்சை எழும்பிவிடும். மலைக்கு டவுன் கடையில் வர்ணம் அடித்த தாள் விற்கும். எங்கள் தெருவில் யாரும் அதை வாங்கியதில்லை. கிழிந்த சிமெண்ட் பைகளின் உள்தாளை உரித்து, பசையில் முக்கி, கசக்கி, கரித்தூளும் சுண்ணாம்பும் தூவிக் காயவைத்தால் அசல் பாறையே தோற்றுப்போகும்.

பாலன் இயேசுவின் சொரூபத்தை நள்ளிரவுப் பூசை முடிந்து வந்துதான் தொட்டியில் கிடத்துவோம். மூன்று ராஜாக்களின் கணக்கு வேறு. அவர்கள் கிழக்கேயிருந்து நட்சத்திரத்தைப் பார்த்து வருகிறவர்கள். அதனால் கிறிஸ்துமஸ் அன்று அவர்களைக் கூடத்தின் கிழக்கு மூலையில் வைத்து, தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிலைப் பார்த்து நகர்த்திக்கொண்டே வருவோம். ஜனவரியில் வரும் "மூணு ராசா திருநாள்" ஞாயிற்றுக்கிழமை அன்றுதான் அவர்கள் தொழுவத்துக்கு வந்து சேரவேண்டும். தம்பி சேவியர் அவசரப்பட்டு ஒரு முழம் கூடுதலாகத் தள்ளிவிட்டால் அம்மா பார்த்துப் பின்னால் இழுத்து வைத்துவிடுவாள். "அவங்க இன்னம் ஆத்தையே தாண்டலடா, அதுக்குள்ள வாசப்படியில கொண்டாந்து நிறுத்துற" என்பாள். எங்கள் ராஜாக்கள் காகிதக்கூழில் செய்தவர்கள். ஒருவருக்கு மூக்கு நுனி போய்விட்டிருந்தது. ஆனாலும் பட்டு அங்கி குறையவில்லை.

நான் சொல்ல வந்த வருஷம் அப்பா வீட்டில் இருந்தார். எங்களுக்கு அதுவே புதுசு. லாரியில் சிமெண்ட் மூட்டை ஏற்றுகிற வேலை அவருக்கு. எங்களுக்குத் தெரிந்த அப்பா விடிவதற்கு முன்னால் போய், விளக்கு வைத்த பிறகு வருகிற சாம்பல் நிற மனிதர். அந்த ஆடி மாதம், அடுக்கின மூட்டைகளின் மேல் நின்று தார்ப்பாயை இழுத்துக் கட்டும்போது கால் வழுக்கி உச்சியிலிருந்து கீழே விழுந்துவிட்டார். தொடை எலும்பு முறிந்தது. மாவுக்கட்டு போட்டுப் படுக்க வைத்துவிட்டார்கள்.

அன்று காலையில் அவர் கோயிலுக்குப் போய்விட்டுத்தான் வேலைக்குப் போயிருந்தார். கட்டிலில் கொண்டுவந்து கிடத்தியதும் அம்மாவைப் பார்த்து அவர் சொன்னது ஒன்றே ஒன்று: "கும்பிட்டுட்டுத்தானடி போனேன்."

அதற்குப் பிறகு அவர் கோயில் பக்கம் போகவில்லை. கட்டுப் பிரித்து, கைத்தடி ஊன்றி டீக்கடைவரைக்கும் போக ஆரம்பித்தார். டீக்கடைக்கு எதிரிலேயே கோயில். அந்தப் பக்கம் முதுகைக் காட்டித்தான் உட்காருவார். சாயங்காலம் நாங்கள் செபமாலைக்கு முழந்தாளிட்டதும் தடியை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போய்விடுவார். அம்மா ஒரு நாளும் அவரோடு மல்லுக்கு நிற்கவில்லை. முற்றம்வரைக்கும் கேட்கட்டும் என்று செபத்தைக் கொஞ்சம் உரக்கச் சொல்லுவாள், அவ்வளவுதான். செபமாலை முடிந்ததும் எங்கள் இரண்டு பேர் காதிலும் மெதுவாகச் சொல்லித் தருவாள்: "எங்க அப்பா திரும்பக் கோயிலுக்கு வரணும்னு கேளுங்க. புள்ளைங்க கேட்டா குடுப்பாரு." அந்த வருஷம் எங்கள் வீட்டில் வேறு வேண்டுதலே இல்லை. புதுத்துணிகூட நாங்கள் கேட்கவில்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்தின திருவருகைக் காலம் தொடங்கின சமயத்தில் அந்தோணி மாமா வந்தார். அம்மாவின் தம்பி, பெரம்பலூரில் பஸ் கண்டக்டர். ஒரு கையில் செட்டிகுளத்துச் சின்ன வெங்காயம் ஒரு மூட்டை, இன்னொரு கையில் அட்டைப் பெட்டி. வேளாங்கண்ணிக்குப் போனவர் கடைத்தெருவில் எங்களுக்காக வாங்கினாராம். திறந்தால் தகரத்தில் செய்த ரயில். சாவி கொடுத்தால் ஓடுகிற பச்சை எஞ்சின், மேலே திறந்த இரண்டு கூட்ஸ் பெட்டி, வளைந்த தண்டவாளத் துண்டுகள் கொஞ்சம்.

பெரம்பலூரில் ரயில் கிடையாது. மாமாவைப் பார்த்தாலே அப்பா அதைச் சொல்லித்தான் வாரிவிடுவார். விழுந்ததிலிருந்து அந்தக் கேலியும் நின்றுபோயிருந்தது. அன்றைக்குக் கட்டிலில் சாய்ந்தபடியே எஞ்சினைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்ன மாப்ள, ரயிலே பாக்காத ஊர்லேருந்து ரயிலு வருது?" என்றார்.

"உங்க ஊரு ரயிலுதான் மச்சான். எங்க ஊரு பஸ்சுல டிக்கெட் எடுத்து வந்துச்சு" என்றார் மாமா.

"லக்கேஜ் போட்டியா?"

"கண்டக்டர் சொந்தக்காரன்னு விட்டுட்டேன்."

அடுப்படியில் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன். அப்பா சிரித்துவிடவில்லை. ஆனால் சிரிப்பு வந்து போகிற வழி அவர் முகத்தில் கொஞ்சம் திறந்த மாதிரி இருந்தது.

தண்டவாளத் துண்டுகள் எல்லாமே வளைந்தவை. மாட்டினால் ஒரு வட்டம் வரும், வேறு எதுவும் வராது. சேவியர்தான் கேட்டான், "குடிலச் சுத்தி ரயிலு விட்டா என்னப்பா?" என்று. அப்பா கட்டிலைவிட்டு இறங்கித் தரையில் உட்கார்ந்து, ஆறாத காலை நீட்டிக்கொண்டு, கரித்துண்டால் கூடத்து மூலையில் ஒரு வட்டம் போட்டார். அன்றிலிருந்து அந்த மூலை அவருடையதாகிவிட்டது.

அப்பாவோடு மூட்டை ஏற்றுகிற கூட்டாளிகள் கிழிந்த பைகளைக் கொண்டுவந்து போட்டார்கள். மலையின் அடிவயிற்றில் இந்தப் பக்கம் ஒரு குகை வாய், அந்தப் பக்கம் ஒரு குகை வாய், நடுவில் இருட்டு. கண்ணாடித் துண்டுகளை வரிசையாக வைத்து மணலைக் கூட்டி ஓர் ஆறு வந்தது. நாங்கள் அதற்கு மருதையாறு என்று பெயர் வைத்தோம். எங்களுக்குத் தெரிந்த ஆறு அதுதான். தென்னம் மட்டையைச் செதுக்கி அதன்மேல் பாலம் போட்டார். தொழுவத்துக்கு முன்னால் அட்டையில் ஒரு பிளாட்பாரம். மஞ்சள் காகிதத்தில் கறுப்பு மையால் நான்தான் "பெத்லகேம்" என்று எழுதினேன். நான் அப்போது பத்தாவது தாண்டாத பிள்ளை, கடைசிவரையும் தாண்டவில்லை. ஆனால் கையெழுத்து நன்றாக இருக்கும்.

"ஸ்டேஷன் போர்டுல கடல் மட்டத்துக்கு எவ்வளவு ஒசரம்னு போடணும்ல" என்றான் சேவியர். "பெத்லகேம் எவ்வளவு ஒசரம்ப்பா?"

"மாடு முட்டாத ஒசரம்னு போடு" என்றார் அப்பா.

பண்டிகை இரவில் நாங்கள் மூன்று பேரும் பூசைக்குப் போனோம். அப்பா வரவில்லை. திரும்பி வந்து, சேவியர் பாலனைத் தொட்டியில் கிடத்தினான். மறுநாள் காலையில் அவனும் நானும் மூன்று ராஜாக்களையும் பெட்டியில் நிறுத்தி, விழாமல் இருக்க நூலால் கட்டிச் சாவி கொடுத்தோம். ரயில் கிளம்பியது. குகைக்குள் போய் மறைந்து, அந்தப் பக்கம் தலை காட்டி, மருதையாற்றைத் தாண்டி, கேழ்வரகு வயலோரமாக ராஜாக்கள் அசைந்து அசைந்து வந்தபோது நாங்கள் கைதட்டினோம். பக்கத்து வீட்டு லூர்து பெரியம்மா கேசரிக் கிண்ணத்தோடு நின்று பார்த்துவிட்டு, "ஏன்டி மேரி, ராசாக்களுக்கு டிக்கெட் எடுத்தியா இல்ல ஓசியா?" என்று அம்மாவைக் கேட்டாள். தெருவே வந்து பார்த்தது.

அம்மா மட்டும் சிரிக்கவில்லை. இரண்டு சுற்று பார்த்தாள், மூன்று சுற்று பார்த்தாள். பிறகு, "நிக்கலையே" என்றாள்.

"எது நிக்கல?" என்றேன் நான்.

"ராசாக்கள். இவ்வளவு தூரம் வந்துட்டு, பாலன ஒரு பார்வை பாக்காம முதுகக் காட்டிக்கிட்டுப் போறாங்களே. மறுபடி வாராங்க, மறுபடி போறாங்க."

"சாவி தீந்தா நிக்கும்மா" என்றான் சேவியர். அவன் சொல்லி வாய் மூடவில்லை, சாவி தீர்ந்தது. ரயில் குகைக்குள்ளே போய் நின்றுகொண்டது.

"இருட்டுக்குள்ள நின்னா பாலன் எங்கேருந்து தெரியும்?" அம்மா உட்கார்ந்து குகைக்குள் கையை விட்டு ரயிலை வெளியே இழுத்தாள். "அதோட திருநாளுக்கு முன்னாடியே இவங்கள வாசல்ல கொண்டாரக் கூடாதுல்ல."

அப்பா சுவரில் சாய்ந்திருந்தவர் வெடுக்கென்று சொன்னார்: "வளைஞ்ச தண்டவாளம். சுத்திக்கிட்டுத்தான் இருக்கும். வேற வழி கெடையாது."

"அப்ப ரயிலு சும்மா ஓடட்டுங்க. ராசாக்கள் நடந்தே வரட்டும்" என்று சொல்லி, அம்மா நூலை அவிழ்த்து மூன்று பேரையும் கிழக்கு மூலைக்கே கொண்டுபோய் வைத்துவிட்டாள். சண்டை இல்லை, சத்தம் இல்லை. ஆனால் கூடத்தில் யாரும் அதற்குமேல் சாவியைத் தொடவில்லை. சாயங்காலம் செபமாலை தொடங்கியது. அப்பா தடியை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனார்.

மறுநாள் காலையில் அவர் சேவியரைக் கூப்பிட்டு, "சைக்கிள் கடைக்குப் போயி, வளைஞ்ச ஸ்போக்ஸ் கம்பி கெடந்தா வாங்கிட்டு வா. எவ்வளவு கெடைக்குதோ அவ்வளவு" என்றார்.

வட்டத்தைப் பிரித்துவிட்டார். வளைந்த துண்டுகளில் பாதியை எடுத்துக் கிழக்கு மூலையில் நெல் மூட்டையைச் சுற்றி ஒரு திருப்பம் அமைத்தார். அங்கிருந்து வாசல் நிலைக்குக் குறுக்கே, அம்மாவின் தையல் மிஷினுக்கு அடியில் புகுந்து, மலையைக் குடைந்து வெளியே வந்து, நேராகத் தொழுவத்துக்கு முன்னால் போய் முடிகிற மாதிரி ஒரு பாதை. சுற்றி வருகிற ரயில் இல்லை இனி. போய்ச் சேருகிற ரயில். ஆனால் நேர்த் தண்டவாளம் ஒரு துண்டுகூட எங்களிடம் இல்லை. அதைத்தான் அப்பா சைக்கிள் கம்பியில் செய்தார். அது முடியும்வரை ராஜாக்கள் நடக்காமல் கிழக்கு மூலையிலேயே காத்திருக்கட்டும் என்று அம்மாவும் விட்டுவிட்டாள்.

கிறிஸ்துமஸுக்கும் மூணு ராசா திருநாளுக்கும் நடுவிலே வந்த அந்த நாட்களை நான் எப்படிச் சொல்லுவேன். பள்ளிக்கூடம் கிடையாது. மதியத்தில் ஓட்டுக்கு நடுவே பதித்த கண்ணாடி வழியாக ஒரு வெயில்தூண் கூடத்தில் இறங்கும். அதற்குள் சிமெண்ட் தூசி ஏறவும் இல்லாமல் இறங்கவும் இல்லாமல் மிதந்துகொண்டிருக்கும். அப்பா ஒவ்வொரு கம்பியாக அம்மிக்கல்லில் வைத்து, சின்னச் சுத்தியால் தட்டி நேராக்குவார். நான் மூங்கிலைப் பிளந்து கட்டைகள் சீவித் தருவேன். கம்பியைக் கட்டையோடு சேர்த்து, எரிந்துபோன மின்விசிறியில் இருந்து உருவின செம்புக் கம்பியால் கட்டுவார். இரண்டு கம்பிக்கும் நடுவில் தீப்பெட்டியை வைத்துத் தள்ளிக்கொண்டே போவார். தீப்பெட்டி சிக்காமலும் ஆடாமலும் போனால் அந்த இடம் சரி என்று பொருள். டக், டக், டக் என்று அந்தச் சுத்திச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். தூரத்தில் கூட்ஸ் வண்டி போகும். பரணில் டம்ளர்கள் பேசும்.

நான் கன்னத்தைத் தரையில் வைத்துப் படுத்துக்கொண்டு தண்டவாளத்தின் மட்டத்துக்குப் பார்ப்பேன். அப்படிப் பார்த்தால் கூடம் கூடமாக இருக்காது. இரண்டு வெள்ளிக் கோடுகள் என் கண்ணுக்குப் பக்கத்திலிருந்து புறப்பட்டு, போகப் போக நெருங்கி, தையல் மிஷினின் நிழலைத் தாண்டி, எங்கோ வெகுதூரத்தில் ஒரு மலைக்குள் போய் மறையும். அந்த மலைக்கு அந்தப் பக்கம் ஒரு பச்சை வயல், ஒரு மஞ்சள் பலகை, வைக்கோல் வெளிச்சத்தில் ஒரு பிள்ளை கைகால் ஆட்டிக்கொண்டு படுத்திருக்கிறது. ரொம்ப தூரம். ஆனால் வழி இருக்கிறது. அப்படியே பார்த்துக்கொண்டே நான் தூங்கிப்போவேன். கனவிலும் அதே வழிதான் வரும். நானும் ஒரு பெட்டியில் உட்கார்ந்திருப்பேன், மூக்கு நுனி போன ராஜா எனக்கு ஜன்னலோரம் விட்டுக்கொடுப்பார். எழுந்தால் கன்னத்தில் மூங்கில் கட்டையின் தடம் பதிந்திருக்கும். "பாரு, இவ மேலயே ரயிலு போயிருக்கு" என்பார் அப்பா.

அந்தப் பாதை வாசல் நிலைக்குக் குறுக்கே போனது என்று சொன்னேனே, அதில் யாரும் நினைக்காத ஒன்று நடந்தது. செபமாலை நேரத்தில் அப்பாவால் எழுந்து முற்றத்துக்குப் போக முடியவில்லை. கட்டி முடியாத தண்டவாளம் வாசலை அடைத்துக்கொண்டு கிடந்தது. ஆறாத காலோடு அவரால் தாண்டவும் முடியாது. அதனால் இருந்த இடத்திலேயே இருந்து, உப்புத்தாளால் கம்பியைத் தேய்த்துக்கொண்டிருப்பார். நாங்கள் செபம் சொல்லுவோம். அம்மா இப்போது குரலைத் தாழ்த்திக்கொண்டாள். கேட்கட்டும் என்று உரக்கச் சொன்னவள், பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவருக்குத் தொந்தரவு ஆகக் கூடாது என்று மெதுவாகச் சொன்னாள். அருள்நிறை மந்திரத்தின் நடுவில் உப்புத்தாள் உரசுகிற சத்தம் சில சமயம் நின்றுபோகும். நான் கண்ணை மூடிக்கொண்டே அதைக் கேட்பேன்.

பாதை முடிந்தது. பெரிய சிக்கல் அப்போதுதான் வந்தது: ரயிலை எப்படி நிறுத்துவது? சாவி எஞ்சினுக்கு பிரேக் கிடையாது. சாவியை முழுசாக முறுக்கினால் தொழுவத்தை இடித்துக்கொண்டு போய்விடும். குறைவாக முறுக்கினால் தையல் மிஷினுக்கு அடியிலேயே உட்கார்ந்துகொள்ளும். எவ்வளவு முறுக்கினால் சரியாகப் பெத்லகேம் பிளாட்பாரத்தில் மூச்சு விட்டு நிற்கும் என்று ஓட்டி ஓட்டித்தான் பார்க்கவேண்டும். பாரம் ஏறினால் கணக்கு மாறும். அதனால் ராஜாக்களை ஏற்றித்தான் ஓட்டிப் பார்க்கவேண்டும் என்றார் அப்பா.

அம்மா ஒரேயடியாக மறுத்துவிட்டாள். "திருநாளுக்கு முன்னால அவங்க போய்ச் சேரக் கூடாதுங்க."

"ஒத்திகைதானடி."

"ஒத்திகைக்குப் போனாலும் போனதுதான. பாலனப் பாத்தாச்சுன்னா அப்புறம் திருநாளன்னிக்கு என்னத்தப் பாக்கப் போவாங்க?"

கடைசியில் அம்மாவே ஒரு வழி சொன்னாள். ஒரு கையில் மூன்று ராஜாக்களையும் ஏந்தி, இன்னொரு கையில் மாமா கொண்டுவந்த சின்ன வெங்காயத்தை அள்ளி, இரண்டையும் மேலும் கீழும் அசைத்துப் பார்த்து, நாலைந்தை எடுத்தும் போட்டும், "இது சரியா இருக்கு. இத ஏத்தி ஓட்டுங்க" என்றாள்.

இப்படித்தான் எங்கள் வீட்டில் கிழக்கேயிருந்து பெத்லகேமுக்கு வெங்காயம் போனது. காலையிலும் மாலையிலும் போனது. அப்பா சாவியை முறுக்கி, கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார், சேவியர் பிளாட்பாரத்தில் படுத்துக்கொண்டு "வந்துச்சு, வந்துச்சு, நின்னுருச்சு!" என்று கத்துவான். ஒரு நாள் ரயில் மட்டும் கிழக்கு மூலையில் காலியாக நின்றது. அம்மா சாம்பாருக்கு எடுத்துவிட்டாள். "சரக்க எறக்கிட்டாங்கடா" என்றார் அப்பா. மூட்டையிலிருந்து வேறு அள்ளிப் போட்டுக்கொண்டோம். மாமா வந்தபோது பார்த்துவிட்டு, "எங்க ஊரு வெங்காயம் பெத்லகேம்வரைக்கும் ஏற்றுமதி ஆவுதுன்னு தெரியாம போச்சே மச்சான்" என்று சொல்லிக்கொண்டே பிளாட்பாரத்தில் உதிர்ந்த சருகை ஊதிவிட்டார். திருநாளுக்கு முந்தின நாள், ரயில் ஒவ்வொரு தடவையும் மஞ்சள் பலகைக்கு நேராக வந்து, பழக்கப்பட்ட மாடு தொழுவத்தில் நிற்பதுபோல நின்றது.

மூணு ராசா திருநாள் ஞாயிற்றுக்கிழமை. காலைப் பூசைக்குப் போகும்போது அம்மா வாசலில் ஒரு நிமிஷம் நின்றாள். கூப்பிடவில்லை. சும்மா நின்றாள். அப்பா எஞ்சினுக்குத் தேங்காயெண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார், தலையைத் தூக்கவில்லை. நாங்கள் போனோம். கோயிலில் அம்மா இரண்டு கையையும் விரித்துக்கொண்டு முழந்தாளில் நின்றது இன்னும் என் கண்ணில் இருக்கிறது. அவ்வளவு தண்டவாளம் போட்டும் அவர் அந்த ஒரு தெருவைத் தாண்டி வரவில்லையே என்று அவளுக்கு இருந்திருக்கும்.

திரும்பி வந்ததும் நாங்கள் நாலு பேரும் லூர்து பெரியம்மாவும் கூடத்தில் உட்கார்ந்தோம். அப்பா வெங்காயத்தை இறக்கினார். ராஜாக்களை ஏற்றி, நூலை எடுத்தார்.

"கட்டாதீங்க" என்றாள் அம்மா. "கும்பிட வர்றவங்கள கட்டியா கூட்டியாருவாங்க?"

அப்பா நூலைக் கீழே வைத்தார். பழகின முறுக்கு முறுக்கினார். விட்டார்.

எஞ்சின் நெல் மூட்டையைச் சுற்றி வந்து, சைக்கிள் கம்பியில் ஏறியதும் சத்தம் மாறியது. தையல் மிஷினுக்கு அடியில் புகுந்தது. ராஜாக்கள் மூன்று பேரும் நிமிர்ந்து நின்றுகொண்டு வந்தார்கள். குகைக்குள் போனார்கள். வெளியே வரும்போதுதான் தெரிந்தது, வண்டி வழக்கத்தைவிட வேகமாக வருகிறது. கையில் தூக்கிப் பார்த்து வைத்த கணக்கு. சாம்பாருக்குப் போனதற்குப் பதிலாக அள்ளிப் போட்ட வெங்காயத்தை யாரும் தூக்கிப் பார்க்கவில்லை; உள்ளே வெற்றுக் காகிதமான ராஜாக்களைவிட அது கனம். சேவியர், "நிக்கலப்பா!" என்று கத்தினான். மஞ்சள் பலகையைத் தாண்டி, பிளாட்பாரத்தைத் தாண்டி, தண்டவாளமும் தீர்ந்து, எஞ்சின் நேராகத் தொழுவத்தின் வைக்கோலில் போய் முட்டி நின்றது. பெட்டி ஒரு குலுக்குக் குலுக்கியது. மூன்று ராஜாக்களும் உயரத்திலிருந்து முன்பக்கமாகக் கவிழ்ந்து, பாலனின் தொட்டிக்கு முன்னால் முகம் குப்புற விழுந்தார்கள்.

லாரி உச்சியிலிருந்து அப்பா விழுந்த அந்த நாள்தான் எங்கள் எல்லார் மனதிலும் வந்து நின்றது. லூர்து பெரியம்மா சிலுவை போட்டுக்கொண்டாள். எடுத்து நிறுத்தலாமா என்று நான் கையை நீட்டினேன்.

"தொடாத" என்றார் அப்பா.

குனிந்து, தொழுவத்துக்குள் எட்டிப் பார்த்தார். மூன்று பேரும் அப்படியே கிடந்தார்கள், நெற்றி வைக்கோலில் பட, கைகளில் இருந்த காணிக்கைப் பேழை பிள்ளையின் பக்கம் நீட்டியபடி. அப்பாவின் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். முதலில் சத்தமில்லாமல், பிறகு ஆலைச் சங்கு மாதிரி. "ஏ, விழுந்து கும்பிடுறாங்கடி!" என்றார். "வேதத்துலயும் அப்பிடித்தான இருக்கு?"

"ஆமாங்க" என்றாள் அம்மா. "விழுந்து கும்பிட்டாங்கன்னுதான் இருக்கு. இன்னிக்குக்கூட அதான் வாசிச்சாங்க."

சிரிப்பு ஓய்ந்து வெகுநேரம் அப்பா அந்த மூன்று முதுகுகளையும் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, யாரிடமும் சொல்வதுபோல இல்லாமல், "நான் விழுந்தப்ப அவர வைஞ்சேன்" என்றார்.

வெயில்தூண் மலை உச்சிக்கு நகர்ந்திருந்தது. பச்சை எஞ்சினின் சாவி கடைசியாக ஒரு கிளிக் சொல்லி அடங்கியது.

"டவுன் கோயில்ல சாயந்தரம் பூசை உண்டா?" என்று கேட்டார்.

"உண்டுங்க."

"பஸ்சு?"

"வெயில் தாழக் கெளம்பினா போதும்" என்று சொல்லிவிட்டு அம்மா எழுந்து அடுப்படிக்குப் போனாள். அங்கே வெகுநேரம் அவள் முகம் கழுவுகிற சத்தம் கேட்டது.

பிறகு வந்த வருஷங்களில் அந்தப் பாதையைப் பிரித்துப் பிரித்து எத்தனையோ விதமாகப் போட்டோம். ஒரு வருஷம் கேட் வைத்தோம், ஒரு வருஷம் அடுப்படிவரைக்கும் கொண்டுபோனோம். அப்பா காலைச் சாய்த்துச் சாய்த்து, இருந்த காலமெல்லாம் கோயிலுக்குப் போய்வந்தார். அவர் சாவி முறுக்குவதில் பின்னர் ஒரு நாளும் தவறு வரவில்லை. ஆனால் எந்த வருஷமும் அவர் ராஜாக்களைக் கட்டவில்லை.

இப்போது நான் பெரம்பலூரில் இருக்கிறேன். அப்பா வாய் ஓயாமல் கேலி செய்த ஊருக்கே வாக்கப்பட்டு வந்து, ரயில் சத்தம் கேட்காமலே என் பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிவிட்டேன். அப்பாவும் அம்மாவும் ஆண்டவரிடத்தில் இளைப்பாறுகிறார்கள். எஞ்சினின் ஸ்பிரிங் அறுந்தது. ராஜாக்களைச் செல் அரித்தது. அதெல்லாம் எந்த வீட்டிலும் நடப்பதுதான். ஆனால் எங்கள் தெருவே இப்போது இல்லை. சுண்ணாம்புக்கல் பள்ளம் அகன்று அகன்று வந்து, வீடுகளுக்கு விலை கொடுத்து எங்களை வேறிடம் போகச் சொன்னார்கள். கோயிலையும் தள்ளிக் கட்டிக்கொடுத்தார்கள். குறை சொல்ல ஒன்றுமில்லை.

போன ஜனவரியில் சேவியரோடு அங்கே போயிருந்தேன். கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் பெரிய பள்ளம். வெட்டி முடித்துவிட்டதால் அடியில் மழைத்தண்ணீர் நின்று, பச்சையும் நீலமுமாக அசையாமல் கிடந்தது. அவன் வேலியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் தேடினான். புளியமரம் இல்லை, தெருக்கோடிக் குழாய் இல்லை, அடையாளத்துக்கு ஒன்றும் இல்லை.

"அக்கா, அப்பா சிரிச்ச எடம் இதுல எதுவா இருக்கும்?" என்று கேட்டான்.

தண்ணீரில் தேடிப் பயனில்லை என்று எனக்குத் தோன்றியது. நாங்கள் நின்ற கரைதான் அன்றைக்குத் தெரு இருந்த மட்டம். அந்த மட்டத்திலேயே கையை நேராக நீட்டி, பள்ளத்துக்கு நடுவே, தண்ணீருக்கு வெகு உயரத்தில், ஒன்றுமில்லாத காற்றைக் காட்டினேன். சேவியர் அந்த இடத்தைப் பார்த்தான். நெற்றியில் சிலுவை வரைந்துகொண்டான். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எங்கள் கூடத்துத் தரை இருந்த உயரத்தில் ஒரு கொக்கு, எதிலும் மோதாமல், மெல்லப் பறந்து போனது.